உன் பெயர் இருக்க வேண்டிய வரி

அன்பு மகள் லோகாவுக்கு,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள், ஆனால் முழுதும் படித்துவிட்டுச் சிரி. சில எழுத்து பெரிதாக இருக்கும், சில எழுத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கோடு போட்ட நோட்டுதான் வாங்கினேன், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்கார மாட்டேன் என்கின்றன. மன்னித்துக்கொள். எழுபத்தொரு வயதுக் கை இது. முப்பது வருடம் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து பார்த்து இழுத்த கை. பேனா அதற்கு ரொம்ப இலேசாக இருப்பதால் நழுவி நழுவிப் போகிறது. இந்த ஒரு பத்தியை எழுதி முடிக்க ஒரு காலை முழுதும் ஆனது. உன் அம்மா இரண்டு முறை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, இரண்டு முறையும் ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போனாள். "பெரிய ஆபீசுக் கிராணி வேலை பாக்குறாரு, தேத்தண்ணி குடிக்கக்கூட நேரமில்ல" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் வாழ்க்கையில் எழுத்து வேலையால் தேத்தண்ணி ஆறிப்போனது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வந்து, சாப்பிட்டு, கிளம்பும் நேரத்தில் இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தாய். காற்றில் பறக்காமல் இருக்க மேலே சில்லி சாஸ் போத்தலை வைத்தாய். "அப்பா, ரெண்டையும் நீங்களே படிங்க. அம்மாவப் படிக்கச் சொல்லிக் கேக்கக் கூடாது. எதுக்கு சம்மதமோ அதுல கையெழுத்துப் போடுங்க" என்றாய். "எனக்கு எதுக்குமா கையெழுத்து?" என்று கேட்டேன். "புரோகிராம்ல உங்க குரல் இருக்கு, உங்க எழுத்து இருக்கு. நீங்க சரின்னு சொல்லாம நான் எப்படி எல்லாருக்கும் குடுக்க முடியும்?" என்றாய். உடனே உன் அம்மா, "அம்பது வருஷமா கட்டை விரல வச்சே காலத்த ஓட்டியாச்சு. இப்ப பாரு, அப்பாகிட்ட பெர்மிஷன் கேக்குறாங்க! அலமாக்!" என்றாள். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் உன் கார் மறைந்தபிறகு அந்தப் போத்தலைத் தூக்க எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

ஐந்து நாள் படித்தேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீ பார்க்க வேண்டும் என்பதால், படித்ததை என் சொல்லில் எழுதுகிறேன். எங்களை மாதிரி ஆட்களுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்க நீ செய்த புரோகிராமை இந்த மாதக் கடைசியில் இணையத்தில் போடப் போகிறாய். அதன் உள்ளே இருக்கிற எழுத்து வேலையையும் திறந்து காட்டப் போகிறாய். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். இரண்டு தாளிலும் இது ஒன்றுதான். முதல் தாள், 'இதில் எனக்கு இருக்கும் உரிமை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், இது எல்லாருக்கும் பொது, என் பெயரைச் சொல்ல வேண்டியதுகூட இல்லை' என்கிறது. நீ அதைப் பப்ளிக் டொமைன் என்று சொன்னாய். இரண்டாம் தாள், 'பதிப்புரிமை என்னுடையது, ஆனால் எடுத்துக்கொள்ளுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், இந்தப் பெயர் வரியையும் இந்தத் தாளையும் மட்டும் கூடவே வைத்திருங்கள்' என்கிறது. முதல் தாளில் ஒரு இடத்தில் நான் மூன்று தடவை நின்றேன். சில நாட்டுச் சட்டத்தில் ஒருவர் தன் உரிமையை முழுதாக விட்டுவிட முடியாதாம். அப்படி முடியாத இடத்தில், விட்டுவிட்டதாக நினைத்து எந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லாருக்கும் அனுமதி கொடுத்ததாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்வதற்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறதே என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "பேரன் பேத்தி பேருக்கு வீடு மாத்துறப்ப நீங்க பாக்கத்தானே போறீங்க" என்றாள். பேரன் பேத்தி பற்றி நான் இந்தக் கடிதத்தில் ஒன்றும் கேட்க மாட்டேன், பயப்படாதே.

நீ முதல் தாளைத்தான் விரும்புகிறாய். காரணமும் சொன்னாய். "நான் கத்துக்கிட்டதெல்லாம் யாரோ பேர் தெரியாதவங்க எழுதி வச்சதுதான்பா. ஒரு வாத்தியார் அதுலேருந்து பத்து வரி எடுத்துத் தன் வேலைக்குப் போட்டுக்கிட்டா, அவரு என் பேரையும் சுமந்துக்கிட்டுத் திரியணுமா? ஒரு கோயில் கமிட்டி அந்த ஒரு வரிய மறந்துட்டா, அவங்க தப்பு செஞ்சவங்க ஆயிருவாங்க. எனக்கு அது வேணாம்" என்றாய். நல்ல காரணம். இதைச் சொல்கிற பிள்ளையைப் பெற்றதற்கு நானும் உன் அம்மாவும் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் லோகா, உன் முகம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது நீ என்னைப் பார்க்கவில்லை. சாஸ் போத்தலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாய். அதனால் எங்கள் வகுப்பில் நடந்த பாக்கியம் அக்கா விஷயத்தைப் பேசித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் கோயில் மண்டபத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து உன் புரோகிராமில் விரலால் எழுத்தை வரைகிறோம். சரியாக வரைந்தால் பச்சைக் கோடு, தப்பென்றால் சிவப்புக் கோடு. ஆரம்பத்தில் எங்கள் எல்லாருக்கும் சிவப்பாகவே வந்தது. அச்சில் இருக்கிற எழுத்தைப் போலவே நாங்கள் வரைய வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. அப்போதுதான் நீ என்னை உட்காரவைத்து, நூறு தடவை, இருநூறு தடவை என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதவைத்தாய். "நடுங்குற கை எழுதினா எப்படி இருக்கும்னு அதுக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றாய். உருப்படியாக ஒன்றும் எழுதத் தெரியாத நான் ஒரு மெஷினுக்கு வாத்தியார் ஆனேன். பிறகு குரல். வாளி, சாக்கு, லோரி, செம்பனை என்று எனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்டாய். அதன்பிறகு மண்டபத்தில் பச்சைக் கோடாக வந்தது. பாக்கியம் அக்கா தன் பேரை எழுதிவிட்டு எழுந்து நின்று எல்லாருக்கும் காட்டினார். நான் தமிழ் எழுத ஆரம்பித்த நாளைவிட அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் அதிகம்.

அப்புறம் நீ புரோகிராமைப் புதுப்பித்தபோது, என் எழுத்துகள் இருந்த பகுதியைச் சேர்க்காமல் விட்டுவிட்டாய். கைத்தவறு. ஆனால் எங்களுக்கு அது எப்படித் தெரியும்? பாக்கியம் அக்கா 'ழ' வரைந்தார், சிவப்பு. மறுபடி வரைந்தார், சிவப்பு. நாற்பது தடவை இருக்கும். போனை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "போன மாசம் வந்துச்சு, இப்ப வரல. மூளை போயிருச்சு எனக்கு" என்றார். இரண்டு புதன் அவர் வரவில்லை. அவருடைய மகன் வாட்ஸப் குழுவில் குரல் போட்டான். "யாரு இந்த லோகா? வயசானவங்கள முட்டாளாக்கவா புரோகிராம் எழுதுறீங்க? எங்கம்மா சரியா சாப்பிட்டு மூணு நாளாச்சு!" என்று. உன் பேர் அதில் இருந்தது, அதனால் அவன் உன்னைத் திட்டினான். உன் பேர் அதில் இருந்தது, அதனால்தான் நானும் உனக்குப் போன் செய்தேன். நீ ஒரே நாளில் சரிசெய்தாய். அக்கா வீட்டுக்கு நேராகவே போய், பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு உங்க கைல இல்ல பெரியம்மா, என் புரோகிராம்ல" என்றாய். அடுத்த புதன் அக்கா வந்தார். ஆனால் நீ மாறிவிட்டாய். அதற்குப் பிறகுதான் பேர் வேண்டாம், எல்லாவற்றையும் பொதுவில் விட்டுவிடலாம் என்று பேச ஆரம்பித்தாய்.

இப்போது நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. எழுதத் தெரிந்தபிறகுதான் சொல்ல முடிகிறது. வாயால் சொல்லியிருக்க மாட்டேன்.

தோட்டத்தில் நாங்கள் வெட்டி எண்ணெய் ஆலைக்கு அனுப்புகிற ஒவ்வொரு செம்பனைக் குலையின் காம்பிலும் வெட்டியவனின் நம்பரை எழுத வேண்டும். காம்பைச் சீவி, சிவப்பு வண்ணக்கட்டியால் எழுதிப் பாதையோரம் வரிசையாக வைப்போம். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் என் நம்பரை ஒரு படம் மாதிரி வரையக் கற்றிருந்தேன். குலை பழுத்தால் மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கும். உதிரி இல்லாத மரத்தில் கை வைக்கக் கூடாது. நீ பிறப்பதற்கு முந்தைய வருடம், ஒரு மழை நாள். வேலையை முடித்துவிட்டு ஓட வேண்டும் என்ற அவசரத்தில், அண்ணாந்துகூடச் சரியாகப் பார்க்காமல் காய்க் குலைகளை வெட்டித் தள்ளிவிட்டேன். ஏழு குலை. கீழே விழுந்தபிறகுதான் பார்த்தேன், எல்லாம் பழுக்காத கறுப்பு. வண்ணக்கட்டியைக் கையில் எடுத்தேன். அப்புறம் மறுபடி சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டேன். நம்பர் இல்லாமல் அந்த ஏழையும் பாதையோரம் வைத்துவிட்டு வந்தேன்.

எனக்குப் பக்கத்து நிரையில் வெட்டியவன் மாணிக்கம். நல்ல வெட்டுக்காரன், நல்ல சிநேகிதன். மறுநாள் கங்காணி அந்தக் குலைகளைப் பார்த்துவிட்டு எங்களை வரிசையாக நிற்கவைத்தார். "எவன்டா இது?" என்றார். "பேசாட்டி எனக்குத் தெரியாதா? மாணிக்கம், உன் நிரை ஓரத்துலதானே கெடக்கு?" மாணிக்கம் சாமி மேல் சத்தியம் செய்தான். "நான் வெட்டுனா நம்பர் போடுவேன் ஐயா, நான் எதுக்கு ஒளிக்கிறேன்?" என்றான். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவனை வெட்டு வேலையிலிருந்து எடுத்து மருந்து தெளிக்கப் போட்டார்கள். அந்த வேலை யாருக்கும் பிடிக்காது. வருடம் முடிவதற்குள் குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். நான் வாய் திறக்கவே இல்லை. நான் பொய் சொல்லவில்லையே, என் நம்பரை எழுதவில்லை, அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன் முகம் எனக்குத் தெரியும் என்று சொன்னது இதனால்தான். நீ என்னைப் போல் ஓடி ஒளியவில்லை. தப்பைச் சொன்னாய், சரிசெய்தாய், வீடு வரைக்கும் போனாய். ஆனால் அடுத்த தப்பு வரும்போது உன் பேர் அங்கே இருக்கக் கூடாது என்று உனக்குள் ஒரு ஆசை வந்துவிட்டது. அதற்கு நீ 'எல்லாருக்கும் பொது' என்று ஒரு நல்ல சட்டையைப் போட்டுவிட்டாய். எனக்கும் அப்படி ஒரு பழக்கம் உண்டு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளி ரிப்போர்ட் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவாய். "எனக்கு நேரமில்ல, அம்மாகிட்ட காட்டு" என்பேன். எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க் எடுத்திருப்பாய். அப்பாவுக்கு அக்கறை இல்லை என்று நீ நினைத்தாய். எனக்கு நேரம் நிறைய இருந்தது மா. அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தெரியாது. வெட்கத்துக்கு 'நேரமில்லை' என்று ஒரு சட்டை மாட்டிவிட்டிருந்தேன்.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நீ நினைக்கக் கூடாது. போன மாதம் நானும் உன் அம்மாவும் மெர்சிங் போய் உன் குணா மாமாவைப் பார்த்தோம் அல்லவா? அம்மா கறி சமைத்துக்கொண்டிருந்தபோது அவன் என்னைத் தனியாகப் படகுத்துறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். "மாமா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. நானும் படிக்கிறேன்" என்று போனைக் காட்டினான். உன் புரோகிராம்! கூட வேலை செய்கிறவன் போனில் ஏற்றிக் கொடுத்தானாம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு மாசமா ஒரே எழுத்துல நிக்கிறேன். எவ்ளோ போட்டாலும் செவப்புக் கோடுதான். எனக்கெல்லாம் படிப்பு ஏறாது மாமா" என்றான். வாங்கிப் பார்த்தேன். நீ என் எழுத்தை விட்டுவிட்டு வெளியிட்டாயே, அதே பழைய பிரதி. 'யார் வேணும்னாலும் எடுத்துக்கங்க' என்று நீ குழுவில் போட்டபோது யாரோ எடுத்து, உன் பேரை அழித்துவிட்டுப் பரப்பியிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. முதல் பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

"இத செஞ்சது யாருன்னு தெரியுமாடா?" என்று கேட்டேன். "எவனோ கேஎல் பட்டணத்துக்காரனா இருக்கும் லா" என்றான். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "ஆனா மாமா, அதுல வார்த்தை சொல்ற ஆளு குரலு அப்படியே உங்க குரல் மாதிரி இருக்கும். வாளின்னு சொல்றப்ப உங்களத்தான் நெனச்சுக்குவேன்" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அது என் குரல்தான், செய்தது நம்ம லோகாதான் என்று சொன்னபிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான், இன்னும் வலிக்கிறது. சிரித்து முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. தன் அக்காள் மகள் செய்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற ஒரு தப்பால் இரண்டு மாதம் தன்னைத்தானே மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு வரி இருந்திருந்தால், 'அட, நம்ம லோகா' என்று உனக்குப் போன் செய்திருப்பான். குணாவுக்கு நான் இருந்தேன். அந்தப் பிரதியை வைத்திருக்கிற மற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். என் முடிவு இரண்டாக இருக்கிறது, குழம்பாமல் படி. என் குரல், என் எழுத்து, இவை இரண்டையும் பொதுவில் விட்டுவிட்டேன். முதல் தாளில் 'புரோகிராம்' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, 'என் குரலும் என் கையெழுத்துகளும்' என்று நானே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படி அடித்து எழுதுவது செல்லாது என்றால் வேறு தாள் கொண்டுவா, அதிலும் போடுகிறேன். என் பேர் எங்கேயும் வேண்டாம். வாளி என்று சொன்னால் அது வாளி, கேட்கிறவருக்கே தெரியும். 'ழ' என் சொத்து இல்லை. ஆனால் உன் புரோகிராம் வேறு. அது மனிதர்களைப் பார்த்துச் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்கிறது. பாக்கியம் அக்கா மாதிரி ஆட்களுக்கு அந்தச் சிவப்புக் கோடு ஜட்ஜ் சொன்ன மாதிரி. தீர்ப்புச் சொல்கிறவர் யார் என்று தெரிய வேண்டும். அதற்கு இரண்டாம் தாள்தான் சரி.

உன் பதில் எனக்குத் தெரியும். "அந்த வரிய யாருப்பா படிக்கப் போறா? எங்கயாவது ஒரு ஃபைல்ல கெடக்கும்" என்பாய். கிடக்கட்டும். தேடுகிறவருக்குக் கிடைத்தால் போதும். சிலர் அப்போதும் அழிப்பார்கள். அழிக்கட்டும், அது அவர்கள் செய்கிற தப்பு. கோயில் கமிட்டி மறந்துவிடும் என்றாயே, பிரதி எடுத்தால் அந்த வரியும் சேர்ந்துதானே வருகிறது? அதை அழிக்கத்தான் வேலை, விட்டுவைக்க ஒரு வேலையும் இல்லை. பத்து வரி எடுக்கிற வாத்தியாருக்கு அது கொஞ்சம் சுமைதான், ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் படித்தேன். இரண்டாம் தாளின் அடியில், 'இது இருக்கிறபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை, நட்டம் வந்தால் நான் பொறுப்பில்லை' என்று எழுதியிருக்கிறது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பேரையும் போட்டுக்கொண்டு பொறுப்பும் இல்லை என்றால் என்ன நியாயம் என்று உன் அம்மாவிடம் கத்தினேன். "புள்ள சும்மா குடுக்குறா, கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போயிராதீங்கன்னு எழுதிருக்கா. அதுல என்ன உங்களுக்கு?" என்றாள். அவள் சொன்னது சரி. யாரும் உன்னைச் சட்டத்தால் பிடித்து இழுக்க முடியாது. ஆனால் கூப்பிட முடியும். எனக்கு அந்தக் கூப்பிடும் வழிதான் முக்கியம். திட்டுகிறவனும் அதே வழியாகத்தான் வருவான், அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

இதை வைத்து உன்னிடம் பேரம் பேச மாட்டேன். பேர் போட்டால்தான் என் குரலைத் தருவேன் என்று சொல்லியிருக்கலாம், ஒரு நாள் முழுதும் அப்படி நினைக்கவும் செய்தேன். வேண்டாம். என் பங்கைக் கொடுத்துவிட்டேன், நீ என்ன முடிவு எடுத்தாலும் அதைத் திரும்பக் கேட்க மாட்டேன். புரோகிராம் உன்னுடையது, உன்னைத் தடுக்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. இரண்டாம் தாளில் 'பதிப்புரிமை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நீ கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறாய். உன் பேரை எழுத எனக்கு இப்போது தெரியும், பென்சிலைக்கூடக் கூர் சீவினேன். ஆனால் ஒருவருடைய பேரை அந்த இடத்தில் இன்னொருவர் எழுதக் கூடாது. அதனால் காலியாகவே அனுப்புகிறேன்.

போனில் பதில் சொல்லாதே. போனில் நீ கெட்டிக்காரி, என்னைச் சிரிக்கவைத்து வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அந்த வரியில் உன் பேரை நீ எழுதும்வரை ஒவ்வொரு வாரமும் நான் எழுதிக்கொண்டே இருப்பேன். இந்த நோட்டில் இன்னும் அறுபத்து மூன்று தாள் இருக்கிறது, எண்ணிவிட்டேன். அடுத்த கடிதத்துக்கு வியாழக்கிழமை காலை உட்காருவேன். அதற்கு முன்னாலேயே நீ எழுதிவிட்டால்? அப்போதும் உட்காருவேன். உன் அம்மாவிடம் தேத்தண்ணியை மூடிவைக்கச் சொல்லியாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா